காரைக்குடியில் தெருவைப் பார்த்து எடுத்த வீடு

மனைவிக்குக் காரைக்குடியில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. எனக்கு வீட்டிலிருந்தே செய்கிற கணினி வேலை; அவ்வப்போது சென்னை அலுவலகத்துக்குப் போய்வந்தால் போதும். வேளச்சேரி வீட்டைக் காலி செய்துகொண்டு, கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நாளில் இங்கே வந்து இறங்கினோம். பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு ஒன்றரை. பகல் முழுவதும் பிள்ளைகளோடு இருப்பவன் நான்தான். அதனால் இந்த ஊரில் எங்கள் குடும்பம் வேர்பிடித்ததைப் பிள்ளைகளின் பக்கத்திலிருந்துதான் என்னால் சொல்ல முடியும். சிறு பிள்ளைகளோடு ஊர் மாறப்போகிறவர்கள் யாராவது படித்தால் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

காரைக்குடி என்றதும் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். "பெரிய பெரிய வீடாகக் கிடைக்குமே, உங்களுக்கென்ன!" கிடைக்கத்தான் செய்தது. வீட்டுத் தரகர் எங்களை முதலில் கூட்டிப்போனது அப்படி ஒரு வீட்டுக்கு. முகப்பில் பர்மாத் தேக்குத் தூண்கள், உள்ளே காலில் குளுமை ஏறும் ஆத்தங்குடிக் கல், கையால் தடவினால் வழுக்குகிற சுண்ணாம்புச் சுவர். ஒரு பக்கத்து அறைகளையும் சமையற்கட்டையும் வாடகைக்கு விடத் தயாராக இருந்தார்கள். வேளச்சேரியில் இரண்டு அறைக்குக் கொடுத்த வாடகையில் பாதிகூட இல்லை. நடுவில் முற்றம் வைத்த வளவைச் சுற்றி வரிசையாக அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பூட்டு. ஒவ்வோர் அறையும் ஒவ்வொரு பங்காளிக்கு உரியது என்றார் தரகர். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், இன்னொருவர் அமெரிக்காவில். திருமணமோ, முன்னோருக்குப் படையலிடும் படைப்போ வந்தால் எல்லோரும் வந்து இறங்குவார்கள். அந்த நாட்களில் வீடு அவர்களுக்கு வேண்டும். ஓர் ஓடு மாற்ற வேண்டுமென்றாலும் அத்தனை பேரும் சரி என்று சொல்ல வேண்டும்.

அந்த வீடு எனக்குப் பிடிக்காமல் இல்லை. மனைவி தூணைக் கட்டிக்கொண்டு நின்றதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஆனால் மாலை ஐந்தரை மணிக்கு மகளோடு அந்த வாசலில் போய் நின்று பார்த்தேன். தெருவில் ஒரு பிள்ளை இல்லை. செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. முகப்பு ஒரு தெருவைப் பார்த்திருக்கும். பின்கட்டு வாசல் மறு தெருவில் திறக்கும். ஆகவே ஒரு தெரு நெடுக முகப்புகளாகவும் மறு தெரு நெடுகப் பின்சுவர்களாகவும் இருப்பதை இங்கே பார்க்கலாம். எங்களுக்குக் காட்டிய வீட்டின் எதிரே இருந்தது அப்படிப்பட்ட ஒரு பின்சுவர்தான். அந்தச் சுவர் ஓரமாக நடந்து நடந்து அலுத்துப்போன மகள், "இங்கே யாரும் இல்லையாப்பா?" என்று கேட்டாள்.

கேட்டது நியாயம். இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், தலைமுறை தலைமுறையாக வெளியே போய்ப் பிழைத்தவர்கள். கொண்டுவிற்கப் போகிறோம், அதாவது வியாபாரத்துக்குப் போகிறோம் என்று பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறியவர்கள், அங்கே சம்பாதித்ததைக் கொண்டுவந்து இங்கே வீடாகக் கட்டினார்கள். 1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது பலருக்கு எல்லாம் போயிற்று. பிறகு வந்த தலைமுறை சென்னைக்கும் அதைத் தாண்டியும் போய்விட்டது. வீடுகள் இருக்கின்றன, அவற்றைப் பொறுப்பாகப் பூட்டி வைத்து, ஆளைப் போட்டுப் பெருக்க வைத்து, கோயில் வரி கட்டி, ஊரை விடாமல் வைத்திருக்கிறார்கள். அந்தப் பற்றின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு எதிர்வீட்டில் ஆள் வேண்டும்.

அதற்குப் பிறகு தரகரை விட்டுவிட்டோம். வெயில் தாழ்ந்ததும் மகளை வண்டியில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு செக்காலை, சுப்பிரமணியபுரம், கழனிவாசல் என்று தெருத்தெருவாகச் சுற்றினேன். நான் பார்த்தவை மூன்றே விஷயங்கள்: பிள்ளைகள் தெருவில் விளையாடுகிறார்களா, பெரியவர்கள் வாசலில் உட்கார்கிறார்களா, கண்ணெட்டும் தூரத்தில் ஒரு பெட்டிக்கடை இருக்கிறதா. ஒரு தெருவில் செங்கல்லை நட்டுப் பையன்கள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தையல்காரர் திண்ணையில் மெஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். அவர் வண்டியை நிறுத்தச் சொல்லி, "யார் வீட்டுக்கு?" என்று கேட்டார். வீடு தேடுகிறோம் என்றதும் மூன்று வாசல் தள்ளிக் கைகாட்டினார். கீழ்ப்பகுதி காலியாக இருந்தது. சாதாரண வீடு, மொசைக் தரை, பின்னால் ஒரு முருங்கை, மாடியில் வீட்டு உரிமையாளர். அதைத்தான் எடுத்தோம். தூண் இல்லாத வீடு என்று மனைவிக்குக் கொஞ்சம் வருத்தம்.

சாமான் இறக்கிய நாளிலிருந்து பெரியவள் வாசலைத் தாண்டவில்லை. வேளச்சேரியில் எதிர்க்கதவைத் தட்டினால் அவளுக்கு ஒரு தோழி இருந்தாள். இங்கே பந்தடிக்கிற பையன்களைச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதோடு சரி. தயிர்ச்சோறு தவிர எதையும் தொடவில்லை. இரவில், "நம் வீட்டுக்கு எப்போது போகிறோம்?" என்பாள். இதுதான் நம் வீடு என்று சொல்லச் சொல்ல அழுகை கூடும். புது சைக்கிள் வாங்கித் தந்தோம். அதை வீட்டுக்குள்ளேயே ஓட்டினாள்.

அவளை வெளியே இழுத்தது பக்கத்து வீட்டு ஆச்சி. எழுபதைத் தாண்டியவர். தெருவில் மிஞ்சியிருக்கும் பழைய வீடுகளில் ஒன்று அவருடையது. அளவில் சிறியது, ஆனால் வளவும் முற்றமும் உண்டு. பிள்ளைகள் வெளியூரில். ஒரு நாள் காலை எங்கள் வாசலில் வந்து நின்று, "தம்பி, உன் மகளை ஒரு வேலைக்கு அனுப்புவாயா?" என்று கேட்டார். முற்றத்தில் கூழ் வடகம் ஊற்றியிருக்கிறார்; மேலே கம்பி வலை இருந்தும் அணில் வந்துவிடுகிறது; அடுப்படிக்கும் முற்றத்துக்கும் நடக்க அவருக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆச்சி கெஞ்சவுமில்லை, மிட்டாய் காட்டவுமில்லை. ஒரு மூங்கில் குச்சியை அவள் கையில் கொடுத்து, "நிழலில் உட்கார்ந்துகொள், ஆத்தா. அணில் வந்தால் தரையில் தட்டு. வடகத்தின் மேல் பட்டுவிடக் கூடாது" என்றார்.

முற்றத்தில் வெள்ளை வேட்டி விரித்து, அதன் மேல் கரண்டி கரண்டியாக ஊற்றிய கூழ் வட்டங்கள். காலையில் பளபளவென்று ஈரமாக இருந்தவை பத்து மணிக்கெல்லாம் ஓரத்தில் வெளுத்துச் சுருங்கத் தொடங்கின. வெயில் நகர நகர வேட்டியின் நுனியைப் பிடித்து இழுத்து நகர்த்த வேண்டும். அதையும் ஆச்சி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். சாயங்காலம் வேட்டியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து வடகத்தை உரித்தெடுக்கும்போது, உடைந்த துண்டு அத்தனையும் காவல்காரிக்கு. பாதி காய்ந்த வடகம் உப்பும் காரமுமாக நாக்கில் ஒட்டும். தயிர்ச்சோறு தவிர எதையும் தொடாத பிள்ளை அதைத் தின்றுகொண்டே வீட்டுக்கு வந்தாள். மறுநாள் நான் எழுப்பும் முன்பே குச்சியோடு நின்றாள்.

இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். புது ஊரில் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்கிக் குவிக்கிறோம், பூங்காவுக்கும் கடைத்தெருவுக்கும் கூட்டிப்போகிறோம். நாம் கூட்டிப்போகிற வரையில் அவர்கள் விருந்தாளிகள்தாம். அவளுக்கென்று ஒரு வேலையும், அவள் வரவில்லையென்றால் "எங்கே காணோம்?" என்று கேட்க ஒருவரும் கிடைத்த பிறகுதான் எங்கள் மகள் ராத்திரி அழுகையை விட்டாள். ஆச்சி வீட்டு வாசலிலிருந்து தையல்காரர் திண்ணை, அங்கிருந்து பெட்டிக்கடை. பள்ளி திறப்பதற்குள் மூன்று வாசலுக்குத் தானாகப் போய்வரும் பிள்ளையாகிவிட்டாள்.

மற்ற வேலைகளெல்லாம் தாமாக நடந்தன. மாற்றுச் சான்றிதழைக் கையோடு வாங்கி வந்திருந்ததால் பள்ளியில் சேர்ப்பது எளிதாக முடிந்தது. எரிவாயு இணைப்பையும் குடும்ப அட்டை முகவரியையும் மாற்றினோம். சின்னவனுக்கு ஒன்றரை வயதில் போட வேண்டிய ஊக்கத் தடுப்பூசி பாக்கி இருந்தது. புதன்கிழமை அரசு சுகாதார நிலையத்துக்குத் தடுப்பூசி அட்டையோடு போய்ப் போட்டுக்கொண்டு வந்தோம். குழந்தைகள் வைத்திருப்பவர்கள் இந்த அட்டையைச் சாமான் மூட்டைகளுக்குள் போட்டுவிடாதீர்கள், கைப்பையிலேயே இருக்கட்டும். குடிநீரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. சம்பை ஊற்றுத் தண்ணீரை இந்த ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள். குடித்துப் பார்த்த பிறகு நாங்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டோம். வேளச்சேரியில் கேன் தண்ணீர் வாங்கியே பழகிய எங்களுக்கு அது ஒரு பெரிய நிம்மதி.

வெயிலுக்குத்தான் வாழ்க்கையை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. உச்சி வேளையில் தெருவே அடங்கிவிடுகிறது. சின்னவனை அந்த நேரத்தில் ஆச்சி வீட்டு வளவில் விடுவேன். ஆத்தங்குடிக் கல்லில் கன்னத்தை வைத்துப் படுத்தானென்றால் அப்படியே தூங்கிவிடுவான். அந்தக் கல் எப்படிச் செய்கிறார்கள் என்று மகள் கேட்டதால் ஆத்தங்குடிக்கே ஒரு நாள் போனோம். ஒரு கண்ணாடிச் சில்லின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சை இறக்கி, கட்டத்துக்குக் கட்டம் வண்ணச் சிமெண்டுக் கரைசலை ஊற்றுகிறார்கள். அச்சை மெல்லத் தூக்கினால் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. அதன் மேல் மணலும் சிமெண்டும் தூவி, சாந்து நிரப்பி, சமப்படுத்துகிறார்கள். பிறகு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைக்கிறார்கள். கண்ணாடி கழன்று வரும்போது பூவின் முகம் பளபளக்கிறது. அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. சூளையோ நெருப்போ எங்கும் இல்லை. மகள் அதையெல்லாம் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஆச்சியின் தரையில் எந்தப் பூ எத்தனை என்று எண்ணத் தொடங்கினாள்.

ஆடியில் கும்மாயம் வந்தது. உளுந்தும் பாசிப்பயறும் வறுத்து அரைத்த மாவில் கருப்பட்டிப் பாகும் நெய்யும் விட்டுக் கிண்டியது. சின்னவன் கிண்ணத்துக்குள் முகத்தையே விட்டுவிட்டான். ஐப்பசியில் மழை வந்தது. அந்த மழையை ஆச்சி வீட்டு வளவில் நின்று பார்க்க வேண்டும். நான்கு பக்கக் கூரையிலிருந்தும் தண்ணீர் முற்றத்துக்குள் கொட்டுகிறது. மூலைக்கு மூலை அண்டாவும் கிடாரமும் வைத்துப் பிடிக்கிறார். நிறைந்து வழிவது முற்றத்துத் துளை வழியாகத் தெருக்காலுக்கு, அதாவது தெரு வாய்க்காலுக்குப் போகிறது. "அங்கிருந்து எங்கே போகும், ஆச்சி?" "ஊருணிக்குத்தான், ஆத்தா. வேறெங்கே போகும்?"

மழை விட்டதும் மகளுக்கு அந்தத் தண்ணீரைத் தொடர்ந்து போக வேண்டும். போனோம். கொஞ்ச தூரம் வரை கால் ஓடியது. ஒரு திருப்பத்தில் பிளாஸ்டிக் பையும் கட்டட இடிபாடும் அடைத்து, தண்ணீர் சாலையில் பரவி நின்றது. வறண்ட செம்மண் பூமியில் ஒரு சொட்டு மழையையும் வீணாக்காமல் கூரையிலிருந்து முற்றம், முற்றத்திலிருந்து கால், காலிலிருந்து ஊருணி என்று யோசித்துக் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 2024-இல் மாநகராட்சியாகிவிட்ட ஊர் இது. வரத்துக்கால்களைத் தூர்வாராமல் எத்தனை அகலச் சாலை போட்டாலும் எனக்கு மனம் ஆறாது. என் பிள்ளைகள் வளரப்போகிற தெரு என்பதால் இதைச் சொல்லும் உரிமை எனக்கு வந்துவிட்டதாகவே நினைக்கிறேன். பகுதிச் சபைக் கூட்டம் என்று அறிவிப்பு வந்தபோது தையல்காரரோடு போய் இதைப் பேசிவிட்டும் வந்தேன்.

வந்தேறிகளான எங்களை இந்த ஊர் ஏன் இவ்வளவு எளிதாக ஏற்றுக்கொண்டது என்று நான் வியந்துகொண்டிருந்தபோது, மனைவி ஒரு காரணம் சொன்னாள். 1947-இல் அழகப்பச் செட்டியார் இங்கே கல்லூரி தொடங்கினார். அடுத்த ஆண்டு ஜூலை 25-ஆம் தேதி நேரு வந்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தவரும் அழகப்பர்தான். ஆய்வகம் 1953-இல் திறக்கப்பட்டது. 1985-இல் பல்கலைக்கழகமும் வந்தது. அன்றிலிருந்து ஆசிரியர்கள், ஆய்வாளர்கள், மாணவர்கள் என்று எங்கெங்கிருந்தோ வந்து இந்தத் தெருக்களில் வாடகைக்குக் குடியிருந்திருக்கிறார்கள். உண்மைதான். நாங்கள் வீடு கேட்டு நின்றபோது வீட்டு உரிமையாளர் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கல்லூரி?" என்பதுதான். தன் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிய ஊர், பிறர் பிள்ளைகளைத் தெருவுக்குள் விட்டுப் பழகியிருக்கிறது.

திருக்கார்த்திகை கழிந்ததும் ஆச்சி பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்து வைக்கத் தொடங்கினார். புது வேட்டியிலிருந்து நாளுக்கு ஓர் இழை. 21-ஆம் நாள், சஷ்டியும் சதயமும் கூடுகிற வேளையில், இழைகளைத் திரியாக்கி, மாவில் பிடித்த பிள்ளையாரில் வைத்து ஏற்றி, எரிகிற சுடரோடு வாயில் போட்டுக்கொள்கிறார்கள். உறவினர்கள் கூடியிருந்தார்கள், எங்களையும் வந்து பார்க்கச் சொல்லியிருந்தார். நெருப்பைக் கண்டதும் மகள் என் பின்னால் ஒளிந்தாள். ஆச்சி கண்ணை மூடி வாங்கிக்கொண்டு, வாயைத் திறந்து அவளுக்குக் காட்டினார். "சுட்டதா?" "பிள்ளையார் சுடுவாரா?" அதற்குப் பிறகு பொரியும் பணியாரமும் இலையில் வந்தன. இது நகரத்தார் நோன்பு, எங்களுடையது இல்லை. இழை எடுக்க நாங்கள் கேட்கவுமில்லை. ஆனால் அந்த வீட்டில் அன்று மகள் வாசலில் செருப்புகளை அடுக்கி வைத்தாள், இலை எடுத்துக் கொடுத்தாள். வந்த உறவினர்கள் அவளை யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்க, "நம் தெருப் பிள்ளை" என்றார் ஆச்சி.

பங்குனியில் கம்பன் விழாவுக்கும் போனோம். தமிழறிஞர் சா. கணேசன் 1939-இல் தொடங்கிவைத்தது. மகம், பூரம், உத்திரம் மூன்று நாளும் இங்கே. அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதியருகே. சொற்பொழிவு தொடங்கிய சிறிது நேரத்திலேயே பிள்ளைகள் இருவரும் எங்கள் மடியில் தூங்கிவிட்டார்கள். நாங்கள் கடைசி வரை கேட்டோம். சென்னையில் பத்து ஆண்டு இருந்தும் அப்படி ஒரு மாலை எங்களுக்கு வாய்த்ததில்லை.

இப்போது இரண்டாவது கத்திரி வெயில். ஆச்சியின் மகன் அவரைச் சென்னைக்கு வந்துவிடும்படி வற்புறுத்திக்கொண்டிருக்கிறார். இந்த ஆண்டு வடகம் ஊற்றிய பிறகு பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறார் ஆச்சி. மகளும் அவரும் அரிசியை ஊறப்போட்டுவிட்டார்கள்.

எதிர்வீட்டு மாடி காலியாகிறது. ஓசூரிலிருந்து ஒரு குடும்பம், ஐந்து வயதுப் பையனோடு, வருவதற்கு யோசிக்கிறார்கள். தெரிந்தவர் மூலம் என்னிடம் பேசினார்கள். வாடகை, தண்ணீர், பள்ளி என்று வரிசையாகக் கேட்டார்கள், சொன்னேன். தரகரோடு காலையில் வர வேண்டாம், சனிக்கிழமை மாலை ஐந்தரைக்குப் பையனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பையனுக்குத் தெருவைச் சுற்றிக்காட்டப் போவது தான்தான் என்று மகள் அறிவித்துவிட்டாள். தையல்காரர் கத்திரிக்கோலைத் தொடக் கூடாது, மூலைவீட்டு நாய் குரைக்கும் ஆனால் கடிக்காது, ஆச்சி வீட்டில் வேலை வேண்டுமென்றால் தன்னிடம்தான் முதலில் கேட்க வேண்டும்: அவனிடம் சொல்ல வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.